கேமிங் ஹெட்செட்டா, சாதா ஹெட்ஃபோனா?

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் 'கேமிங்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிராகன் படத்தையும் போட்டுவிட்டால், உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கருக்கு எதிரியின் காலடிச் சத்தம் தனியாகத் தெரிந்துவிடாது. அதற்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். கரண்ட் வந்தால் ஆடும், வராவிட்டால் சும்மா இருக்கும். ஒவ்வொரு செமஸ்டரும் ஹாஸ்டலில் நாலு பேராவது இதைக் கேட்டு, நானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவனுக்கு "போய்ப் படிடா" என்று சொன்னால் போதும் :-)

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் என் ரூம்மேட். அவனுக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது போய்விட்டது. ரொம்ப அபூர்வமாகத்தான் அப்படி நடக்குமாம், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் போகும், போனால் திரும்பி வராது. போன செமஸ்டர் முழுக்க ஒரு ஸ்கூல் பையனுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். "மச்சி, இதுக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுடா. இனிமே டீம்ல என்னைத் திட்டக் கூடாது" என்றான். ரெண்டு காதும் கேட்கிறவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஈசி. அவனுக்காகத் தேடும்போதுதான் இந்த விஷயத்தை அடிமட்டம் வரை தோண்ட வேண்டி வந்தது.

கொஞ்சம் வரலாறு. கேமிங் ஹெட்செட் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது ஹைப்பர்எக்ஸ் கிளவுட். 2014-ல் வந்தது, அப்போது அது கிங்ஸ்டன் கம்பெனியின் பிராண்ட் (2021-ல் ஹெச்பி வாங்கிவிட்டது). அந்த கிளவுட் எங்கிருந்து வந்தது தெரியுமா? டாக்ஸ்டார் என்று ஒரு சீனக் கம்பெனி, மைக்கும் ஹெட்ஃபோனும் செய்கிறவர்கள். அவர்களுடைய ப்ரோ 80 என்ற ஸ்டூடியோ ஹெட்ஃபோனைத்தான் முதலில் க்யூபேட் என்ற கம்பெனி மைக் வைத்து கேமிங் ஹெட்செட்டாக விற்றது. அதுவே பிறகு கிளவுட் ஆனது. பாட்டு ரெக்கார்டிங் கேட்பதற்கு வைத்திருந்த சாமானுக்கு ஒரு மைக் மாட்டி, சிவப்புத் தையல் போட்டதும் கேமிங் ஆகிவிட்டது. ஜெர்மன்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. பேயர்டைனமிக்கின் டிடி 770 உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் புழங்குகிற ஹெட்ஃபோன். அதே குடும்பத்தில் ஒரு மைக்கோடு வந்தது எம்எம்எக்ஸ் 300, அது கேமிங் ஹெட்செட்.

இவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் இவை ரெண்டும் நல்ல சாமான். நல்ல ஹெட்ஃபோனில் இருந்து பிறந்ததால்தான் நன்றாக இருக்கின்றன. பிரச்சினை வேறு இடத்தில். ரெண்டாயிரம் ரூபாய் கேமிங் ஹெட்செட்டில் அந்த ரெண்டாயிரத்துக்குள்ளேயே ஸ்பீக்கர், மைக், யூஎஸ்பி சவுண்ட் கார்டு, கலர் லைட்டு, அந்த லைட்டை மாற்ற ஒரு சாஃப்ட்வேர் எல்லாம் வர வேண்டும். அதே ரெண்டாயிரத்துக்கு சாதா ஹெட்ஃபோன் வாங்கினால் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கும் காது மெத்தைக்கும் போகிறது. இலையில் சோறு கொஞ்சம், அப்பளம் நிறைய என்கிற கதைதான். (லைட்டு இருக்கிறது சரி, அதைத் தலையில் மாட்டிக்கொண்டவனுக்கு அது எப்படித் தெரியும் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.)

சரி, காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிகிறது? இது நம் தலைக்குள் நடக்கிற வேலை. 1907-லேயே லார்ட் ராலே என்கிற இயற்பியல்காரர் இதை எழுதிவிட்டார். வலது பக்கம் இருந்து வருகிற சத்தம் வலது காதுக்கு முதலில் வருகிறது, தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குக் கொஞ்சம் லேட்டாகப் போகிறது. எவ்வளவு லேட்? அதிகபட்சமே ஒரு மில்லி செகண்டில் மூன்றில் ரெண்டு பங்கு. அந்தத் துக்குணூண்டு வித்தியாசத்தை மூளை அளந்துவிடுகிறது. கீச்சுச் சத்தம் என்றால் இன்னொரு வழி. தலை குறுக்கே நின்று மறைப்பதால் மறுபக்கக் காதுக்கு அது மங்கலாகத்தான் கேட்கும். மேலேயா கீழேயா, முன்னாலா பின்னாலா என்பதற்குக் காது மடலில் இருக்கிற மேடு பள்ளங்கள் உதவுகின்றன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிடித்துத் திருகுவதற்காக மட்டும் அதை வைக்கவில்லை.

இப்போதைய கேம்கள் இந்தக் கணக்கை எல்லாம் தாங்களே போடுகின்றன. ஹெச்ஆர்டிஎஃப் என்று செட்டிங்கில் பார்த்திருப்பீர்கள். ஒரு சத்தம் ஒரு மனிதத் தலைக்கு இந்தக் கோணத்தில் இருந்து வந்தால் ஒவ்வொரு காதிலும் எப்படி மாறிக் கேட்கும் என்பதை வடிகட்டியாக ஆக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் இது 2016-ல் வந்தது, வாலரண்ட்டில் 2021-ல். பிளேஸ்டேஷன் 5 வந்த 2020-ல் இந்த வேலைக்கென்றே டெம்பெஸ்ட் என்று ஒன்றைக் கன்சோலுக்குள் வைத்தார்கள். கவனிக்க வேண்டியது, இந்த வேலை முழுக்க கேமிலும் மெஷினிலும் நடந்து முடிந்துவிடுகிறது. வெளியே வருவது வெறும் ரெண்டு சேனல், இடது ஒன்று, வலது ஒன்று. அதை ஒழுங்காகக் காதில் சேர்க்கிற எந்த ஹெட்ஃபோனும் போதும்.

அப்போ அந்த 7.1? ரிச்சி தெருவில் ஒரு கடையில் அண்ணன் ஒருவர் பெட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார், "தம்பி, இது செவன் பாயிண்ட் ஒன். ஏழு பக்கமும் கேக்கும்." "காது ரெண்டுதானேண்ணே இருக்கு" என்றேன். அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு உரை எழுதத் தேவையில்லை.

ரேசர் டியாமட் மாதிரி ஒவ்வொரு பக்கமும் நிஜமாகவே அஞ்சு ஸ்பீக்கர் வைத்த ஹெட்செட்டுகள் இருந்தது உண்மை. ஆனால் பெரும்பாலானவற்றில் பக்கத்துக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். கேமிடம் இருந்து எட்டு சேனலை வாங்கி, சாஃப்ட்வேர் அதை ரெண்டாகக் கலக்கித் தருகிறது. ஹெச்ஆர்டிஎஃப் மாதிரிதான், ஆனால் கேமுக்கு வெளியே நடக்கிறது. கேமில் ஹெச்ஆர்டிஎஃப்-ஐயும் போட்டு, ஹெட்செட் சாஃப்ட்வேரில் 7.1-ஐயும் போட்டீர்கள் என்றால் ஒரே சத்தம் ரெண்டு தடவை வடிகட்டப்பட்டு, எதிரி கிணற்றுக்குள் நடப்பது மாதிரி கேட்கும். ரெண்டில் ஒன்றை அணையுங்கள். அணைக்க வேண்டியது எது என்று நான் சொல்லத் தேவையில்லை. பழைய கேம், படம், இதற்கெல்லாம் இந்த மாதிரி வேண்டும் என்றால் விண்டோஸிலேயே விண்டோஸ் சோனிக் என்று ஒன்று 2017-ல் இருந்து இலவசமாக இருக்கிறது.

ஹெட்ஃபோனில் நிஜமாகவே பார்க்க வேண்டியது, பாஸ் எவ்வளவு என்பதை. மலிவான கேமிங் ஹெட்செட்டுகளில் பலவும் குண்டு வெடித்தால் நெஞ்சு அதிர வேண்டும் என்பதற்காக அடிச் சத்தத்தை ஏற்றி வைத்திருக்கும். கடையில் ஒரு நிமிஷம் கேட்டால் 'ஆஹா' என்று இருக்கும். ஆனால் தடித்த அடிச் சத்தம் தனக்கு மேலே இருக்கிற மெல்லிய சத்தத்தை மூடிவிடும், நம் உள்காதின் அமைப்பே அப்படி. வெடி முடிந்து புகை அடங்குவதற்குள் பின்னால் ஒருத்தன் வந்து நிற்பான், நமக்குத் தெரியாது.

இது வரைக்கும் பார்த்தால் சாதா ஹெட்ஃபோனுக்கே வெற்றி. நானும் அந்தக் கட்சிதான். இப்போது என் ரூம்மேட்டுக்கு வருவோம்.

சாதாரண ஸ்டீரியோவில் இடது ஓரத்தில் நடக்கிற சத்தத்தின் பெரும்பகுதி இடது ஸ்பீக்கருக்குத்தான் போகும். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் பாதி ஊமைப்படம். இதற்கு ஊரே சொல்கிற தீர்வு மோனோ. விண்டோஸில் அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் போய் மோனோ ஆடியோ என்பதைப் போட்டால் ரெண்டு சேனலும் ஒன்றாகக் கலந்து ரெண்டு பக்கமும் வரும். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும்கூட உண்டு. போட்டுப் பார்த்தோம். எல்லாம் கேட்டது. ஆனால் எந்தப் பக்கம் என்பது சுத்தமாகப் போய்விட்டது. "முன்னாடி பாதி ஊர் தெரிஞ்சுது, இப்ப முழு ஊரும் தெரியுது, ஆனா இருட்டுல" என்றான். பயல் சில நேரம் இப்படித்தான் பேசுவான்.

அப்புறம்தான் ஹெச்ஆர்டிஎஃப்-ஐ அவனுக்காக யோசித்துப் பார்த்தோம். அதில் இடது பக்கச் சத்தம் வலது சேனலிலும் வரும், ஏனென்றால் நிஜத்திலும் தலையைச் சுற்றி வந்து அந்தக் காதில் கேட்கும் அல்லவா. மெதுவாக, கீச்சு எல்லாம் போய், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பது மாதிரி வரும். மோனோவை அணைத்து, ஹெச்ஆர்டிஎஃப்-ஐப் போட்டு, நாங்கள் ரெண்டு பேர் மட்டும் ஒரு மேட்ச் திறந்து, நான் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அவன் திரையைத் திருப்பிக்கொண்டே கேட்டான். திரும்பத் திரும்ப சத்தம் தெளிவானால் ஆள் வலது பக்கம் வந்துவிட்டான், மங்கினால் எதிர்ப்பக்கம் போகிறான். நமக்கு ஒரு நொடியில் தெரிவதை அவன் மவுஸை ஒரு இழு இழுத்துத் தெரிந்துகொள்கிறான். முன்னால் பின்னால் குழப்பம் இன்னும் இருக்கிறது. ஆனால் ரெண்டு மணி நேரம் கழித்து, நான் படியேறி வந்தபோது சரியாகத் திரும்பிச் சுட்டான். செத்துப்போனதற்காக நான் கை தட்டியது அன்றைக்கு ஒரு நாள்தான்.

இது எல்லா கேமிலும் நடக்காது. வேறு சில கேம்கள் சத்தத்தைக் கண்ணுக்குக் காட்டுகின்றன. ஃபோர்ட்நைட்டில் சத்தம் வருகிற திசையைத் திரையில் படமாகக் காட்டும் செட்டிங் உண்டு. மொபைல் பப்ஜியில் காலடியும் துப்பாக்கிச் சத்தமும் மினிமேப்பில் குறியாக வரும். காது நன்றாகக் கேட்கிற பயல்களே அதைப் பார்த்துத்தான் விளையாடுகிறார்கள் என்பது வேறு கதை.

ஆக, ஹெட்ஃபோனின் ஸ்டீரியோ எவ்வளவு உசத்தி என்பதற்கு என் ரூம்மேட் காசு கொடுப்பதில் அர்த்தம் குறைவு. அவனுக்கு உயிர்நாடி வேறு, மைக். திசை தெரியாதவனுக்கு டீம்தான் காது. "உனக்கு லெஃப்ட்ல ஒருத்தன்" என்று மற்றவன் சொல்ல வேண்டும், இவன் திருப்பிக் கேட்க வேண்டும், இவன் சொல்வது அவர்களுக்கு ஃபேன் சத்தம் இல்லாமல் கேட்க வேண்டும். இங்கேதான் நான் கட்சி மாறினேன், அவன் விஷயத்தில் மட்டும்.

மைக் என்று வந்தால் சாதா ஹெட்ஃபோன்காரர்களுக்குக் கொஞ்சம் தலைவலிதான். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஓட்டை. அதில் போகிற பின்னைப் பாருங்கள், மூன்று கறுப்பு வளையம் இருந்தால் இடது, வலது, எர்த், மைக் என்று நாலும் ஒரே பின்னில். ரெண்டே வளையம் என்றால் அதில் மைக் இல்லை. தனி காலர் மைக் வாங்கி அந்த ஓட்டையில் சொருகினால் ஹெட்ஃபோனுக்கு இடம் இருக்காது. ஒன்றை ரெண்டாகப் பிரிக்கிற ஒய் கேபிள் ஒன்று வேண்டும், அதிலும் மைக்குக்கு ஒன்று, ஹெட்ஃபோனுக்கு ஒன்று என்று பிரிக்கிற ரகம். ரெண்டு பேர் பாட்டு கேட்கிற ரகத்தை வாங்கி வந்து விழித்த சீனியர் ஒருவர் எங்கள் ஃப்ளோரில் உண்டு. ஆன்ட்லயன் மாட்மைக் என்று எந்த ஹெட்ஃபோனிலும் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற மைக் இருக்கிறது. அருமையான யோசனை, ஆனால் நம்ம பட்ஜெட்டில் அந்த மைக்குக்கு மட்டுமே பணம் போதாது.

புளூடூத்தில் வாங்கிக்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டு கேட்கும்போது புளூடூத் ஒரு முறையில் வேலை செய்கிறது. மைக்கை ஆன் பண்ணியதும் வழக்கமான புளூடூத்தில் அது ஃபோன் பேசுகிற முறைக்கு மாறிவிடும். அப்போது நமக்கு வருகிற சத்தமே மோனோ ஆகி, பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடும். எல்இ ஆடியோ என்று புதுசாக வந்திருப்பது இதைச் சரிசெய்கிறது, ஆனால் ஹெட்செட், லேப்டாப் ரெண்டிலும் அது இருக்க வேண்டும். போதாக்குறைக்கு தாமதம் வேறு, நூறு இருநூறு மில்லி செகண்ட் என்பது பாட்டுக்குப் பரவாயில்லை, துப்பாக்கிக்கு ஆகாது. வயர் வேண்டாம் என்றால் யூஎஸ்பியில் குட்டி டாங்கிள் சொருகுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரகம் பாருங்கள். கேமிங் கம்பெனிகள் உருப்படியாகச் செய்திருக்கிற வேலைகளில் இது ஒன்று, சாதா ஹெட்ஃபோன்களில் இது அரிது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நம்ம ஊரில் ஏப்ரல் மாதம் ரெக்சின் மாதிரி இருக்கிற காது மெத்தையை மாட்டிக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வேர்வையிலும் புழுக்கத்திலும் அந்தத் தோல் ரெண்டு வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து, காதெல்லாம் கறுப்புத் தூள். வாங்கும்போதே மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள், துணி மெத்தை இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் திறந்த ஓப்பன் பேக் ஹெட்ஃபோன்கள் காற்றோட்டமாக இருக்கும், சத்தமும் விசாலமாகக் கேட்கும். ஆனால் உள்ளே நடக்கிற சண்டை முழுக்க ரூமுக்கே கேட்கும், ரூமில் நடக்கிற சண்டையும் உள்ளே கேட்கும். வீட்டில் தனி ரூம் இருக்கிற புண்ணியவான்களுக்கு அது. அதேபோல 250 ஓம் என்று போட்டிருக்கிற ஸ்டூடியோ ஹெட்ஃபோனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள், லேப்டாப்பில் அதற்கு முழுச் சத்தம் வராமல் போகலாம். 32 ஓம் பாருங்கள்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது, இது எங்களுக்குள் கொஞ்சம் சூடான வாக்குவாதமாகவே ஆனது. அவன் வால்யூமை முழுக்க ஏற்றி வைத்துக்கொள்வான். ஒரு காதுதானே, ரெண்டு காது வேலையையும் அது பார்க்கணும் என்பது அவன் நியாயம். உலக சுகாதார நிறுவனக் கணக்கு இப்படி: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 92-க்குப் போனால் ரெண்டரை மணி நேரம், அதுவும் ஒரு வாரத்துக்கு. 2024 ஜனவரியில் பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒன்பது நாடுகளில் நடந்த 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கேம் விளையாடுகிறவர்கள் கேட்கிற சத்தம் பல நேரம் இந்த எல்லையை ஒட்டியோ, தாண்டியோ இருக்கிறது என்று வந்தது. ரெண்டு காது இருக்கிறவனுக்கே இந்தக் கணக்கு என்றால் ஒன்று இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும்? "இது போச்சுன்னா உன்கிட்ட ஸ்பேர் இல்லடா" என்றேன். கோபித்துக்கொண்டு மெஸ்ஸுக்குத் தனியாகப் போனான்.

ஆனால் அதற்கும் ஹெட்செட் தேர்வுக்கும் சம்பந்தம் இருக்கிறது. வால்யூமை ஏற்றுவதற்குப் பாதிக் காரணம் வெளிச் சத்தம். ஃபேன், பக்கத்து ரூம் ஸ்பீக்கர், நான். காதை நன்றாக மூடுகிற செட் என்றால் அதே தெளிவு குறைந்த வால்யூமிலேயே கிடைக்கும். இந்த விஷயத்தில் உள்ளே சொருகுகிற ஐஇஎம் இயர்ஃபோன்களை அடிக்க ஆள் இல்லை, ஆயிரத்து சொச்சத்துக்கே நல்லதாக வருகின்றன. பெரிய டோர்னமெண்ட்டுகளில் வீரர்கள் தலையில் பெரிய ஹெட்செட் மாட்டியிருப்பார்கள், ஆனால் பலரும் கேம் சத்தத்தைக் கேட்பது அதற்குள்ளே காதில் சொருகியிருக்கிற ஐஇஎம்மில்தான். மேலே இருப்பது கூட்டத்தின் கூச்சலை மறைப்பதற்கு. கையில் காசு குறைவாக இருக்கிற ஜூனியர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். என் ரூம்மேட் மட்டும் வேண்டாம் என்றான். இருக்கிற ஒரு காதில் எதையும் சொருக அவனுக்குப் பயம். நான் வற்புறுத்தவில்லை.

கடைசியில் அவன் வாங்கியது வயர் வைத்த, எடை குறைந்த, காதை மூடுகிற ஒரு சாதாரண ஸ்டீரியோ கேமிங் ஹெட்செட். 7.1 கிடையாது, லைட்டு கிடையாது, வாய்க்கு நேராக வருகிற நல்ல மைக் உண்டு. மூவாயிரத்துக்கு உள்ளேயே முடிந்தது. மீதிக் காசை என்ன பண்ணலாம் என்று யோசித்து, அவனாகவே போய் ஒரு காது டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தான். சத்தம் புகாத ரூமில் உட்கார வைத்து, பீப் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்கிற டெஸ்ட். ரிப்போர்ட்டில் வலது காதின் கோடு எல்லா இடத்திலும் 20 டெசிபலுக்கு உள்ளேயே இருந்தது, அதாவது பழுது இல்லை. இடது காதின் கோடு தாளின் அடியில் கிடந்தது. டாக்டர் வருஷம் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.

அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறான். வால்யூம் இப்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே. நேற்று ராத்திரி விளையாடும்போது இடது பக்க கப்பைத் தூக்கி நெற்றிப் பொட்டுக்குத் தள்ளி வைத்திருந்தான். என்னடா என்றேன். "அந்தப் பக்கம் சும்மாதானே வேர்க்குது மச்சி, அதுக்கு எதுக்கு ஏசி இல்லாம பூட்டி வைக்கணும்" என்றான்.